கரைக்குக் கீழே இருப்பவருக்கு ஓட்டு இல்லை

ஓர் அணைக்கட்டில் நூற்றுப் பன்னிரண்டில் ஒரு பங்கு எனக்குச் சொந்தம். ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. எனக்கே பல ஆண்டுகள் தெரியாது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே புறநகரில் வீடு வாங்கியபோது தரகர் அம்மையார் சொன்னதெல்லாம் 'ஏரி பார்த்த வீடு' என்பது மட்டும்தான். பின்பக்கம் நின்றால் 14 ஏக்கர் தண்ணீர், வாத்துக் கூட்டம், எதிரே நடைபாதை போட்ட மேடு, அதன் இருபுறமும் ஓங்கி வளர்ந்த பைன் மரங்கள். கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டில் எங்கோ ஒரு வரி இருந்திருக்கிறது: ஏரியும் அதைச் சார்ந்த அமைப்புகளும் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் பொதுச் சொத்து. அந்த 'அமைப்பு'தான் மரங்கள் நிற்கும் மேடு. 27 அடி உயரமுள்ள மண் அணை. 1960களில் இங்கே மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர் ஓடையை மறித்துப் போட்டது. பண்ணை போய் மனைகள் வந்தன. மனை விற்ற நிறுவனம் கடைசி வீட்டையும் விற்றுவிட்டு, அணையைச் சங்கத்தின் பெயருக்கு எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது.

அதை அணை என்று முதலில் கண்டுகொண்டவர் அப்பா. 2019 கோடையில் வந்திருந்தார். சிவகங்கைப் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் ஐம்பது ஆண்டு நெல் பார்த்தவர். வந்த மறுநாள் காலை நடக்கப் போனவர் முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினார். செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்:

"தம்பி, இந்தக் கண்மாய்க்குக் கலுங்கு எங்கே?"

"இது கண்மாய் இல்லை அப்பா. அழகுக்கு இருக்கிற ஏரி."

"அழகுக்கு இருந்தால் மழைத் தண்ணீர் கேட்டுக்கொண்டா வரும்?"

நகரத்தில் வளர்ந்தவர்களுக்காக: கண்மாய் நிரம்பிய பிறகு வரும் மிகுதி நீர், கரைக்குச் சேதமில்லாமல் வழிந்தோடக் கல்லால் கட்டிய இடம்தான் கலுங்கு. மண்கரை எவ்வளவு தண்ணீரையும் முதுகு கொடுத்துத் தாங்கும். தலைக்குமேல் ஏறினால் தாங்காது. வழிகிற நீர் கீழ்ச்சரிவை அரித்துக்கொண்டே வந்து கரையைப் பிளந்துவிடும். வெள்ளைக்காரப் பொறியாளர்கள் இந்தச் சொல்லையே எடுத்து 'காலிங்குலா' என்று தங்கள் புத்தகங்களில் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் நானும் அவருடன் போனேன். கரையிலிருந்து சற்றுத் தள்ளி நீருக்குள் நட்டுக்குத்தலாக ஓர் அகன்ற குழாய் நிற்கும். அதற்குமேல் கம்பிக் கூண்டு. குப்பைத் தொட்டி மாதிரி ஏதோ என்று நான் நினைத்திருந்தேன். அப்பா பார்த்தவுடன் சொன்னார், "இது குமிழி." எங்கள் பக்கத்துப் பழைய கண்மாய்களில் நீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும், அடியில் தொட்டி, அதிலிருந்து கரைக்கு அடியில் ஓடும் மடை. குமிழித்தூம்பு. இங்கேயும் அதே ஏற்பாடுதான்: நிற்கும் குழாயின் வாய்க்கு நீர் ஏறினால் உள்ளே விழுந்து, கரைக்கு அடியில் படுத்திருக்கும் குழாய் வழியாக மறுபுறம் ஓடைக்குப் போய்விடும். கல்லுக்குப் பதில் நெளிவுத் தகரம், அவ்வளவே.

"இது அன்றாடத் தண்ணீருக்குச் சரி. பெருமழைக்கு?"

கரையின் கிழக்கு முனை வரை நடந்த பிறகுதான் அது அகப்பட்டது. கரையைவிட நான்கடி தாழ்வாக, புல் வளர்ந்த அகலமான பள்ளம். நல்ல கலுங்குதான். அதில் எங்கள் சங்கம் மரப்பலகை மேடை போட்டு, இரண்டு பெஞ்சு வைத்து, சுற்றிலும் வேலி அடைத்து, ரோஜாச் செடி நட்டிருந்தது. அந்த மேடையில்தான் என் மகளின் பிறந்தநாள் கேக்கை வெட்டினோம்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தடவை கரையைப் பார்த்தார், ஒரு தடவை ரோஜாவைப் பார்த்தார்.

நான் அப்போது எதுவும் செய்யவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். சங்கக் கூட்டத்தில் எழுந்து 'எங்கள் அப்பா சொல்கிறார்' என்று ஆரம்பிக்க வெட்கமாக இருந்தது.

2021 இறுதியில் மாநில அரசின் அணைப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. வேறு யாரும் கை தூக்காததால் சங்கத்தின் பொருளாளராகியிருந்த எனக்குத்தான் அதைப் பிரிக்கும் பாக்கியம். எங்கள் அணை இரண்டாம் வகையிலிருந்து முதல் வகைக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்று இருந்தது. முதல் வகுப்புக்கு உயர்ந்துவிட்டோம் என்று செயற்குழுவில் ஒருவர் மகிழ்ந்தே போனார்.

ஜார்ஜியாவில் 25 அடி உயரமோ 100 ஏக்கர் அடி கொள்ளளவோ எட்டிய அணை சட்டத்தின் கண்ணில் படும். ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் நீர்தான் ஓர் ஏக்கர் அடி. அதற்குக் கீழே இருப்பவை பெரும்பாலும் உரிமையாளரின் மனசாட்சிக்கு விடப்பட்டவை. சட்டத்துக்குள் வரும் அணை உடைந்தால் உயிர்ச்சேதம் நேரக்கூடும் என்றால் முதல் வகை. இல்லையென்றால் இரண்டாம் வகை. இந்த வகைப்பாடு அணையின் உடல்நிலையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. நேற்றுக் கட்டிய உறுதியான அணையும் முதல் வகையாக இருக்கலாம். நாளைக்கே சரியப்போகும் அணை, கீழே வெறும் காடு என்பதால் இரண்டாம் வகையில் சுகமாக இருக்கலாம். முதல் வகைக்குத்தான் அனுமதிப் பத்திரம், பொறியாளர் அறிக்கை, பெருமழையைத் தாங்கும் கணக்கு எல்லாம். அந்த இடத்தில் வானம் கொட்டக்கூடிய உச்சபட்ச மழை என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சிறிய அணை என்றால் அதில் கால் பங்கையாவது கரைமேல் வழியாமல் கடத்திவிட வேண்டும்.

எங்கள் அணையில் ஒரு கூடை மண் கூட மாறவில்லை. மாறியது கீழே. அணைக்கு அரை மைல் தள்ளி, ஓடையை ஒட்டி, எங்கள் குடியிருப்புக்கு வெளியே ஒருவர் நிலம் வாங்கி வீடு கட்டியிருந்தார். கட்டட அனுமதி கொடுத்த உள்ளூர் அலுவலகம் மேலே என்ன நிற்கிறது என்று பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி அவர்களிடம் யாரும் கேட்கவுமில்லை. இரண்டாம் வகை அணைகளை மாநில அதிகாரிகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது மறுபடி பார்க்க வேண்டும் என்பதால்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஐந்தாண்டின் இடைவெளியில் ஒரு குடும்பம் குடி வந்து, சமையலறைச் சன்னலுக்குத் திரைச்சீலை மாட்டிவிட்டது.

கடிதத்தைப் படித்த வாரமே டொக்கோவாவுக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து வடகிழக்கே ஒன்றரை மணி நேரம். ஜார்ஜியாவில் அணைச் சட்டம் என்ற ஒன்று இருப்பதே அந்த ஊரால்தான் என்று தேடியபோது தெரிந்தது. ஒரு சிறிய கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகத்துக்குள்ளே, 186 அடி உயரத்திலிருந்து விழும் அருவி இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு சிறிது நடந்தால் போதும். நான் போன அன்று அருவியில் தண்ணீர் குறைவு. பாறைமேல் வெள்ளை நூல் தொங்குவது போல விழுந்துகொண்டிருந்தது. இதுவா என்றிருந்தது.

அருவிக்கு மேலே இருந்தது கெல்லி பார்ன்ஸ் அணை. 1899இல் மின்சாரத்துக்காகப் பாறைகளை அடுக்கிக் கட்டினார்கள். பின்னாளில் கல்லூரியின் கைக்கு வந்தது. பழைய அணைமேல் மண்ணைக் கொட்டி உயர்த்தினார்கள்; சில ஆண்டுகள் கழித்து மறுபடி உயர்த்தினார்கள். வரைபடமோ பொறியாளர் கணக்கோ ஏதும் பின்னால் அகப்படவில்லை. கடைசியில் 38 அடி உயரம், 400 அடி நீளம். 1957இல் மின் உற்பத்தி நின்றது. அதன்பிறகு படகு விடவும் மீன் பிடிக்கவும் ஓர் ஏரி, எங்களுடையதைப் போலவே. கீழ்ச்சரிவு ஏணி சாய்த்தது போலச் செங்குத்து. 1973இல் யாரோ எடுத்த புகைப்படத்தில் அந்தச் சரிவின் ஒரு பகுதி பெயர்ந்து கிடப்பது தெரிகிறது. படம் எடுக்கப்பட்டது, வேறொன்றும் நடக்கவில்லை.

1977 நவம்பர் முதல் வாரத்தில் மழை. 5ஆம் தேதி மாலையிலிருந்து நள்ளிரவுக்குள் மட்டும் மூன்றரை அங்குலம். அன்றிரவு கல்லூரியின் தன்னார்வத் தீயணைப்புக்காரர்கள் சிலர் போய்க் கரையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆபத்தாக ஏதும் படவில்லை. 6ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஒன்றரை மணிக்குக் கரை போயிற்று. கீழே ஓடையோரத்தில், சக்கரம் வைத்த தகர வீடுகளில், திருமணமான மாணவர்களும் ஊழியர்களும் குழந்தைகளுடன் தூங்கிக்கொண்டிருந்தார்கள். 39 பேர் இறந்தார்கள். அவர்களில் 20 பேர் குழந்தைகள்.

அப்போது ஏரியில் இருந்த தண்ணீர் ஏறத்தாழ 630 ஏக்கர் அடி. செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவோடு வைத்துப் பார்த்தால் நூறில் ஒரு பங்கு கூட இல்லை. ஆனால் உடைந்த வேகத்தில் பள்ளத்தாக்கில் பாய்ந்தது விநாடிக்குச் சுமார் 24,000 கன அடி. 2015 டிசம்பரில் அடையாற்றைப் பயமுறுத்திய செம்பரம்பாக்கம் திறப்பு 29,000 கன அடி. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகுதான் 'சின்ன அணைதானே' என்ற பேச்சு என் வாயிலிருந்து போனது. ஒரு பெரிய ஏரியைத் திறந்துவிட்ட வேகத்தை, இந்தச் சிறிய ஏரி சில நிமிடங்களுக்காவது கிட்டத்தட்ட எட்டியிருக்கிறது.

காரணம் இதுதான் என்று விசாரணைக் குழு ஒற்றை விரலை நீட்டவில்லை. செங்குத்துச் சரிவு பெயர்ந்திருக்கலாம், உள்ளே நீர் அரித்திருக்கலாம், பழைய பாறை அடுக்கும் கைவிடப்பட்ட குழாயும் அதற்கு வழி செய்திருக்கலாம். எனக்கு இதில் உறைத்தது வேறு. 1972இல் மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக்கில் நிலக்கரிக் கழிவை வைத்துக் கட்டிய அணை உடைந்து 125 பேர் செத்தபோதே, நாடு முழுவதும் அணைகளைச் சோதிக்கக் கூட்டரசு சட்டம் போட்டுவிட்டது. சோதிக்கப் பணம் ஒதுக்கவில்லை. பட்டியல் மட்டும் தயாரானது. அதற்குள் ஐந்தாண்டு போய் டொக்கோவா. அப்போதைய அதிபர் கார்ட்டர் ஜார்ஜியாக்காரர்; அவருடைய மனைவி ரோசலின் நேரில் வந்து பார்த்தார். அதன்பிறகுதான் ராணுவப் பொறியாளர் படை இறங்கி, நான்காண்டுகளில் 8,818 அணைகளைப் பார்த்தது. அவற்றில் 2,925 பாதுகாப்பற்றவை. மூன்றில் ஒன்று! ஜார்ஜியாவின் சட்டம் 1978இல் வந்தது. அருவியடியில் இருக்கும் நினைவுக்கல் முன்னால் நின்றபோது, எனக்கு வந்த கடிதத்தின் முதல் பத்தியை எழுதியவர்கள் இவர்கள்தாம் என்று தோன்றியது.

திரும்பி வந்து பொறியாளரை அமர்த்தினோம். ஐம்பது வயதுப் பெண்மணி. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் நீண்ட கோல், முதுகுப் பையில் ஊறுகாய் ஜாடி மாதிரி நாலைந்து கண்ணாடிச் சீசாக்கள். கரைமேல் நடக்கவே இல்லை. நேராகக் கீழே இறங்கிவிட்டார். "மேலே அழகாகத்தான் இருக்கும். நோய் எல்லாம் பாதத்தில்" என்றார். கரையின் அடிவாரத்தில் ஓரிடத்தில் புல் மற்ற இடங்களைவிடப் பச்சையாக இருந்தது. கோலை ஊன்றினார், சொளுக் என்று ஒரு சாண் இறங்கியது. ஓரத்தில் விரல் பருமனில் நீர் ஊறிக்கொண்டிருந்தது. சீசாவைச் சாய்த்துப் பிடித்து நிரப்பி, வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். பிறகு ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு, பத்து நிமிடம் வேறு வேலை பார்த்தார்.

"எல்லா மண் அணையும் கசியும். கசிவது குற்றமில்லை. கசிகிற தண்ணீர் மண்ணைச் சுமந்துகொண்டு வருகிறதா என்பதுதான் கேள்வி."

மண்ணைச் சுமக்க ஆரம்பித்துவிட்டால், அரிப்பு வெளியிலிருந்து உள்ளே போகும். வெளிவாயில் ஒரு துகள் கழன்றால் அதற்குப் பின்னால் உள்ளது தளரும். அப்படியே பின்னோக்கித் துளைத்துக்கொண்டு போய் ஒரு நாள் ஏரியைத் தொட்டுவிடும். தொட்ட பிறகு மணிக்கணக்குதான். ஊரில் நண்டு வளை, எலி வளை என்று கரையில் கண்ட ஓட்டையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது இதற்காகத்தான். எங்கள் சீசாவின் அடியில் பத்து நிமிடத்தில் ஒன்றும் படியவில்லை. "இன்றைக்கு நல்ல சேதி. வாரம் ஒருமுறை பாருங்கள். மழைக்குப் பிறகு கட்டாயம் பாருங்கள்" என்று சீசாவை என்னிடமே கொடுத்துவிட்டார்.

மற்றவை நல்ல சேதியாக இல்லை. கரைக்கு அடியில் போகும் தகரக் குழாய்க்குள் சக்கரம் வைத்த கேமராவை ஓட்டினார்கள். பாதி தூரத்தில் குழாயின் அடிப்பாகம் துருப்பிடித்துச் சல்லடையாகியிருந்தது. நிற்கும் குழாயின் வாயைப் பீவர்கள் (ஓடைகளை மறித்து அணை கட்டி வாழும் கொறிவிலங்குகள்) குச்சியும் சேறும் வைத்து அடைத்திருந்தன. அணை கட்டுவதில் அவற்றுக்கு இருக்கும் ஈடுபாடு எங்கள் சங்கத்தில் யாருக்கும் இல்லை. பைன் மரங்கள் அத்தனையும் வெட்டப்பட வேண்டும் என்றார் பொறியாளர். புயலில் ஒரு மரம் சாய்ந்தால் வேரோடு வண்டி மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போகும். வெட்டிவிட்டு அப்படியே விட்டாலும் வேர் மக்கி நீருக்கு வழியாகும். அதனால் தூரைத் தோண்டி எடுத்து, களிமண் நிரப்பி, இடித்து இறுக்க வேண்டும்.

தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "கரையில் மரம் கூடாதா? எங்கள் கரையைப் பிடித்துக்கொண்டு நிற்பதே பனைதான்." பனையின் வேர் தடித்துக் கிளைக்காமல் சல்லிசல்லியாக இறங்கி மண்ணைக் கவ்வும், பைனின் வேர் அப்படியல்ல என்று விளக்கினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் பனை வையுங்கள்" என்றார். ஜார்ஜியாவின் குளிரை அவர் பார்த்ததில்லை.

மதிப்பீடு வந்தது. புதுக் குழாய், கலுங்கை விரித்துக் கான்கிரீட், மரங்கள், கசிவுக்கு மணல் வடிகட்டி எல்லாம் சேர்த்து, ஒரு வீட்டுக்கு ஒரு நல்ல கார் வாங்குகிற பணம். மாற்று வழி, கரையை முறையாக வெட்டித் திறந்து ஏரியே இல்லாமல் செய்துவிடுவது. 'ஏரி பார்த்த வீடு' என்று வாங்கியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கூட்டத்தில் ஒருவர் எழுந்து, ஐம்பது ஆண்டாக நிற்கிற கரை இன்னும் ஐம்பது ஆண்டு நிற்கும் என்றார். மண்கரையின் வயது அதன் நற்சான்று என்று நினைப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். ஹவாயின் கவாய் தீவில் கா லோகோ என்ற அணை 1890 வாக்கில் கரும்புத் தோட்டத்துக்காகப் போட்டது. நூறாண்டுக்குமேல் நின்றது. தனியார் நிலம். அரசுப் பட்டியலில் ஆபத்துக் குறைந்த வகை; அரசு ஒருமுறை கூட உள்ளே போய்ச் சோதித்ததில்லை. 2006 மார்ச் 14ஆம் தேதி விடியும் முன் அது உடைந்து ஏழு பேர் போனார்கள். அதற்குமுன் வாரக்கணக்கில் மழை. விசாரித்தபோது கலுங்கு இருந்த இடம் மண்ணால் மூடிக் கிடந்தது தெரிந்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, உரிமையாளருக்கு 2014இல் ஏழு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இதைக் கூட்டத்தில் சொல்லிவிட்டு, நம் கலுங்கில் இருப்பது மண் அல்ல, ரோஜா என்றேன். சிலர் சிரித்தார்கள். ரோஜா நட்ட அம்மையார் சிரிக்கவில்லை.

அடுத்து எழுந்தவரின் கேள்விதான் பலருடைய மனத்தில் இருந்தது. ஏரி முன்பே இருந்தது, அந்த ஆள் பிறகுதானே கீழே வந்து வீடு கட்டினார், அதற்கு நாம் ஏன் செலவு செய்ய வேண்டும்? கேட்டால் நியாயம் போலவே இருக்கும். ஆனால் அவர் தண்ணீரை அடைத்து வைக்கவில்லை, நாம் வைத்திருக்கிறோம். அவருக்கு ஏரி தெரியாது, வாத்து தெரியாது, பிறந்தநாள் மேடை தெரியாது. நம் சொத்தில் அவருக்கு வரக்கூடிய ஒரே பங்கு, அது உடைந்தால் வருகிற பங்கு.

அரசு அதிகாரி கெடு வைப்பார், அபராதம் என்பார், நீர்மட்டத்தை இறக்கச் சொல்வார். அதையெல்லாம் ஒழுங்காகவே செய்தார். ஆனால் இந்த மாநிலத்தில் ஆயிரக்கணக்கான மண் அணைகள். பார்ப்பவர்கள் விரல்விட்டு எண்ணுமளவு. அவர்கள் வருவது என்றோ ஒருநாள். மீதி நாளெல்லாம் அந்தக் கரைமேல் நாய் பிடித்துக்கொண்டு நடப்பது நாங்கள்தாம்.

கடைசி வரிசையில், வேலைச் சட்டையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கீழ்வீட்டுக்காரர். சங்க உறுப்பினர் இல்லை என்பதால் ஓட்டுச்சீட்டுக் கொடுக்கவில்லை. பேசலாமா என்பதற்கே ஐந்து நிமிட விவாதம் நடந்தது. அவர் பணத்தைப் பற்றியோ யார் முதலில் வந்தது என்பதைப் பற்றியோ வாயே திறக்கவில்லை. "ராத்திரியில் ஏதாவது ஆனால் என்னைக் கூப்பிடப் போவது யார்?" என்று மட்டும் கேட்டார்.

யாரிடமும் பதில் இல்லை. அவசரத் திட்டம் என்று ஒரு கோப்பு எழுத வேண்டும், அதில் யார் யாரை அழைப்பது என்ற பட்டியல் இருக்க வேண்டும் என்று பொறியாளர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அன்றிரவே எழுதினோம். அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயர், அழைக்கப்பட வேண்டியவர் பட்டியலில் முதலில் அவர் எண்.

பழுது பார்க்கும் தீர்மானம் இரண்டாம் முறைதான் நிறைவேறியது, ஆறு ஓட்டு வித்தியாசத்தில். ஒப்பந்தக்காரர் இன்னும் வரவில்லை. அதுவரை நெகிழிக் குழாய்களைக் கரைமேல் போட்டு, நீரை உறிஞ்சி வெளியேற்றி, ஏரியை ஐந்தடி இறக்கி வைத்திருக்கிறோம். சுற்றிலும் சேற்று விளிம்பு தெரிகிறது. வாத்துகள் பாதி போய்விட்டன. ரோஜாச் செடிகள் என் வீட்டு முன்வாசலில் தொட்டியில் இருக்கின்றன, ஒன்று பட்டுவிட்டது.

சென்ற மாதம் இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. வெளியே இடியோடு மழை. நான் அழைக்க வேண்டியவரே என்னை அழைத்திருந்தார்.

"பெய்கிறதே, விழித்திருக்கிறீர்களா என்று பார்த்தேன்" என்றார்.

டார்ச் விளக்கையும் சீசாவையும் எடுத்துக்கொண்டு, செருப்பை விட்டுவிட்டு பூட்ஸைத் தேடினேன்.